மேற்படி போட்ட பதின்மூன்றாம் பாடம்

எனக்கு வேலை ஆற்றைப் பார்ப்பது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஓர் அணைக்கட்டில் இருபத்தெட்டு வருடமாக லஸ்கராக இருக்கிறேன். மதகைத் திறப்பது, அடைப்பது, கரையைச் சுற்றி வருவது எல்லாம் உண்டு. ஆனால் முதல் வேலை மட்டம் எடுப்பது. சுவரில் பதித்திருக்கும் அளவுகோலைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்து, தாமிரபரணி எத்தனை அடியில் ஓடுகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஆறு ஓடாவிட்டால் ஓடவில்லை என்று எழுத வேண்டும். இதற்கும் ஜப்பானிய மொழிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தப்படுத்தியது என் மகள்.

அவள் நர்சிங் படித்தவள். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு விடுதியில் எட்டு மாதம் தங்கி ஜப்பானிய மொழி படித்தாள். பிறகு அந்த நாட்டில் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. எனக்கு இஷ்டமில்லை. பாளையங்கோட்டையில் இல்லாத ஆஸ்பத்திரியா என்று கேட்டேன். அவள் ஒரு மாதம் வாதாடினாள். கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் கிளம்பும் நேரத்தில், "போ. ஆனா அங்கன போயிட்டு அழுதுக்கிட்டு போன் பண்ணக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன். கோபத்தில் சொன்ன வார்த்தை. அவள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டிவிட்டால் பிறகு மாறமாட்டாள். அந்தக் குணம் என்னிடமிருந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுவாள். அங்கே அப்போது மாலை ஐந்தரை.

"எப்படிளா இருக்க?"

"நல்லா இருக்கேன்பா."

"சாப்பாடு?"

"நல்லா இருக்குப்பா."

"வேலை?"

"நல்லா போகுதுப்பா."

ஒரு வருடம் முழுக்க இதேதான். ஒரு ஞாயிறுகூட அவளுக்குத் தலைவலி இல்லை, சளி இல்லை, யாரோடும் சண்டை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளை அவள்.

எனக்கு இந்த மாதிரிப் பதிவேடு பழக்கமானது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் காய்ச்சலில் மூன்று நாள் ஆற்றுப்பக்கமே போகவில்லை. நான்காம் நாள் எழுந்துபோய், விட்டுப்போன மூன்று வரியிலும் 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி' என்று எழுதி வைத்தேன். முதல் நாள் என்ன மட்டமோ அதே மட்டம் என்று அர்த்தம். ஓவர்சியர் வந்து பக்கத்தைப் புரட்டினார். மழை பெய்ததா, மதகைத் திறந்தாயா என்று ஒன்றும் விசாரிக்கவில்லை.

"ஏலே, மூணு நாளா ஆறு அசையாமலா நின்னுச்சி? ஆறுன்னா கூடும், கொறையும். ஒரே மட்டமா இருக்குன்னா ஆறு சும்மா இருக்கலல, நீ சும்மா இருந்திருக்க."

அதற்குப் பிறகு ஆற்றுப் பதிவேட்டில் நான் மேற்படி போட்டதில்லை. அதனால்தான் மகளுடைய 'நல்லா இருக்கேன்' எனக்குச் சந்தேகமாக இருந்தது. அங்கே யாரோ அளவுகோலைப் பார்க்காமலே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது அவளேதான். அவள் வாயைக் கட்டியவன் நான்.

மனைவியிடம் சொன்னேன். "நல்லா இருக்கேன்னு சொல்லுதால்லா, பொறவு என்ன? பிள்ள நல்லா இல்லன்னு சொன்னாத்தான் ஒங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. டார்ச்சை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி வரப் போய்விட்டேன்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. சில ஞாயிறுகளில் அவள் எங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் யாராவது வருவார்கள். அவள் திரும்பி அவர்களிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்வாள். அது வேறு குரல். கொஞ்சம் களைத்த குரல். விஷயம் அந்தக் குரலில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். தமிழில் கிடைக்காத மட்டத்தை அங்கே போய் எடுத்துவிடலாம் என்று பார்த்தேன்.

அவள் சென்னையில் படித்த புத்தகம் பீரோவில் இருந்தது. இருபத்தைந்து பாடம். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தாள். வாத்தியார் வேண்டாம் என்று ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை தொடங்கினேன். எழுத்து மட்டுமே மூன்று வகை வைத்திருக்கிறார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை வைத்துக்கொண்டு நாம் யாரையும் குறை சொல்ல முடியாது என்று அமைதியானேன். அதற்கே இரண்டு மாதம் போயிற்று.

எழுத்து முடிந்த மறுநாளே பதிவேடு போட்டுவிட்டேன். பதிவேடு இல்லாத வேலை எனக்குக் கைவராது. அலுவலகத்தில் உள்ள மாதிரியே கட்டம் கிழித்தேன்: தேதி, நேரம், பாடம், மட்டம், குறிப்பு. மட்டம் என்பது அன்றைய தேதிக்குத் தலையில் நிற்கும் சொற்களின் எண்ணிக்கை. தினமும் மாலை மட்டம் எடுத்துவிட்டு வந்து, புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். ஒரு செவ்வாய் 112 இருந்தது. புதன் 97. பதினைந்து சொல் ஒரே ராத்திரியில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குறிப்பில் 'கசிவு' என்று எழுதினேன்.

ஊருக்குள் தெரிந்துபோயிற்று. டீக்கடையில் ஒருவர், "அண்ணாச்சி, ஆத்துக்கு ஜப்பான்ல சொன்னாத்தான் தண்ணி வருமோ?" என்று கேட்டார். நான் ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணிக் காட்டினேன். கேட்டவர் டம்ளரை வைத்துவிட்டுக் கைதட்டினார். ஏழாம் எண்ணை விட்டுவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மகளுக்கு முதலில் சொல்லவில்லை. புரட்டாசியில் ஒரு ஞாயிறு, அவள் போனை எடுத்ததுமே "ஒகெங்கி தெஸ்கா?" என்று கேட்டேன். சுகமா என்று அர்த்தம். "என்னதுப்பா?" என்றாள். பிறகு சிரித்தாள். அந்த ஒரு வருடத்தில் நான் கேட்ட முதல் அசல் சிரிப்பு அதுதான். "கெங்கி தெஸ்" என்றாள், சுகம்தான் என்று. தமிழில் சொன்னதையேதான் அந்த மொழியிலும் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகக் குடித்தேன்.

வாரம் ஒரு கேள்வி என்று வழக்கமாயிற்று. அங்கே வெயிலா, மழையா, இன்று என்ன சாப்பிட்டாய், பஸ் எத்தனை மணிக்கு. பொங்கலுக்குள் இருபது பாடம் என்று திட்டம் போட்டிருந்தேன். கார்த்திகை பிறக்கும்போது பன்னிரண்டு முடிந்திருந்தது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையில் கொட்டிய தண்ணீர் எல்லாம் எங்கள் அணைக்கட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை மட்டம் எடுத்து மேலதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. ஒன்பது நாள் கரையில்தான் கிடந்தேன். எடுத்த மட்டம் எல்லாம் சரியாக இருந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து என் சொந்தப் பதிவேட்டைத் திறந்தேன். ஒன்பது வரி காலியாகக் கிடந்தது. பதின்மூன்றாம் பாடத்துக்கு ஒதுக்கிய நாட்கள் அவை. திட்டப்படி மறுநாள் பதினான்கு தொடங்க வேண்டும்.

காலி வரி எனக்குக் கண்ணை உறுத்தும். பேனாவை எடுத்து ஒன்பது வரியிலும் மேற்படி போட்டேன். பாடம் பதின்மூன்று, மேற்படி. மட்டம், மேற்படி. பதிவேடு நிறைந்துவிட்டது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? மறுநாள் பதினான்கு தொடங்கினேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். பின்னால் சத்தமே இல்லை, அறையில் தனியாக இருந்தாள். என் வாரக் கேள்வி தயாராக இருந்தது. "மைனிச்சி தோ தெஸ்கா?" என்றேன். தினமும் எப்படிப் போகிறது என்று அர்த்தம்.

கேள்வியை அவளும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஸபிஷீ தெஸ்" என்றாள்.

எனக்குத் தெரியாத சொல். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினான்காம் பாடம் வரை வந்தவன் அப்படிச் சொல்வதா என்று ஒரு கூச்சம். எதிராளி எதைச் சொன்னாலும் சொல்லி வைக்கலாம் என்று புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம் பிடித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். "ஈ தெஸ்னே."

நல்லது, அப்படியா, ரொம்ப நல்லது என்று அர்த்தம்.

"ஆமாப்பா" என்றாள். பிறகு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டாள். சொன்னேன். "சரிப்பா, வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

புதுச் சொல் கிடைத்த உற்சாகத்தில் பதிவேட்டை எடுத்தேன். குறிப்பில் எழுத அர்த்தம் வேண்டுமே என்று புத்தகத்தில் தேடினேன். முதல் பன்னிரண்டு பாடத்திலும் இல்லை. பதினான்கிலும் இல்லை. பதின்மூன்றாம் பாடத்தைத் திறந்தேன். நான் தொடாத பக்கம், அழுக்கே படாமல் இருந்தது. இடது பக்கத்தில் ஏழாவது சொல். ஸபிஷீ. பக்கத்தில் மகளுடைய பென்சில் எழுத்து. எல்லாச் சொல்லுக்கும் புத்தகத் தமிழில் அர்த்தம் எழுதியவள், இந்த ஒன்றுக்கு மட்டும் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதியிருந்தாள்: 'தேடுது.'

எங்கள் பக்கத்தில் அது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது. சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்த பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், "பிள்ளைக்கு அம்மையத் தேடுது" என்பார்கள். உடனே யாராவது தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார்கள். அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை.

நான் விதித்த தடை தமிழுக்குத்தான். ஜப்பானிய மொழியைப் பற்றி ஜங்ஷனில் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வழிதான் பாக்கி இருந்தது, அதை அவள் கண்டுபிடித்து வந்தாள். வந்தவளிடம் ரொம்ப நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாச்சி, ஏன் இப்படி இருக்கிய?" என்றாள். புத்தகத்தைக் காட்டினேன். படித்தாள். போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

நாங்கள் அவளைக் கூப்பிட்டதே கிடையாது, எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். ஒரே மணியில் எடுத்தாள். "என்னப்பா? அம்மைக்கு எதும் சொகமில்லியா?" குரல் பதறியது.

"அதெல்லாம் இல்ல. நான் பதிமூணாம் பாடம் படிக்கலளா. மேற்படி போட்டுட்டேன்."

அவளுக்கு மேற்படி தெரியும். அந்த ஓவர்சியர் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான்.

"இப்பந்தான் படிச்சேன்" என்றேன். "ஜங்ஷன்ல நான் சொன்னது தப்பு. எங்களுக்கும் ஒன்னத் தேடுது."

அப்புறம் அவள் அழுதாள். பதினோரு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியும், அது தொழில் பழக்கம்.

அன்று சாயங்காலம் அந்த ஒன்பது வரிகளையும் சிவப்பு மையால் அடித்தேன். அழிக்கக் கூடாது, ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. போட்டேன். மறுநாள் பதின்மூன்றாம் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு சரியாக இரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். தமிழிலேயே கேட்டேன்.

"எப்படிளா இருக்க?"

யோசித்துத்தான் சொன்னாள்.

"போன வாரத்துக்கு இந்த வாரம் தேடுதது அரை அடி வடிஞ்சிருக்குப்பா."

பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.