வெல்லத் துண்டு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் பஸ்ஸில் என் பக்கத்தில் லீவில் வந்த ராணுவக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய முடி, ஒரு பக்கம் சரிந்த தோள். சட்டைப்பையிலிருந்து வெல்லத்தைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டே வந்தார்.

"எல்லையில மலை மேல இருக்கறவங்களுக்கு எங்க யூனிட்டு கோவேறு கழுதைலதான் சாமான் கொண்டு போகுமுங்க. ஏத்தத்துல அதுக நின்னுட்டா வெல்லம் குடுப்போம். இனி டிரோன்தான்னு கழுதைகள அனுப்பிட்டாங்க. டிரோன் வாங்கப் பணம் இன்னும் வரலீங்க."

"ஏனுங்க, அப்ப சாமானெல்லாம் எப்படிப் போகுது?"

"நாங்கதானுங்க சுமக்கறோம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த துண்டைக் கிள்ளினார்.

அரவேணுவில் இறங்கும்போது எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். கோத்தகிரி வந்த பிறகும் அது என் கையிலேயே பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.