புதுக் கொப்பியில் ஏறாத வரி

நீங்கள் அந்தக் கடிதத்தை வாசித்தீர்கள், டொக்டர். வாசித்துவிட்டு என்னிடம் பொய் சொன்னீர்கள்.

என் மகளுக்கு நீரிழிவு வந்தது இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது. கொழும்பு ஆஸ்பத்திரியில் எனக்கு இன்சுலின் ஊசி போடப் பழக்கி, உங்களிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம் தந்தார்கள். நீங்கள் அதை வாசித்து, கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் செருகினீர்கள்.

"என்ன டொக்டர் எழுதியிருக்கு?"

"இங்கிலிஷ் விளங்குமா உங்களுக்கு? ஊசியை நிப்பாட்ட வேணாமாம். அவ்வளவுதான்."

எங்கள் கிளினிக்கில் கொப்பி முடிந்தால், கடைசிப் பக்கத்து மருந்தை மட்டும்தான் தாதி மிஸ் புதியதில் எழுதுவார். நோய் தொடங்கிய காலத்துக்கு "சிறு வயது முதல்" என்று போட்டார். இரண்டு மாதம் என்பது பழைய கொப்பியோடு என் அலுமாரிக்குள் போனது. நானும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கொப்பியில் இருக்கும் என்று நம்பினேன்.

பதினொரு வருடம், நாளுக்கு நான்கு ஊசி. தொடையில் குத்திய இடமெல்லாம் கட்டிபட்டது. ஒரு ரமழானில், "நோன்பு பிடிச்சா மௌத்தாப் போயிருவனா உம்மா?" என்று கேட்டாள். சாவைப் பற்றிக் கேட்டவளை, பேசாமல் சாப்பிடு என்று அதட்டினேன்.

போன வருடம் நீங்கள் லீவில் போனீர்கள். உங்கள் இடத்துக்கு வந்த இளம் டொக்டர் கேட்டார்.

"எத்தனை வயசில வந்தது?"

"ரெண்டு மாசத்தில."

"வயசா, மாசமா?"

"மாசம், டொக்டர்."

பேனையைக் கீழே வைத்தார். "பழைய கொப்பி இருக்கா?"

மறுநாளே கிண்ணியாவில் எங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து கொண்டுபோனேன். பின்மட்டையில் அப்படியே இருந்த கடிதத்தை எனக்குத் தமிழில் வாசித்தார். ஆறு மாதம் ஆகுமுன் நீரிழிவு வந்தால் மரபணுக் காரணம் இருக்கலாம், இந்தப் பிள்ளையின் இரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், ஊசிக்குப் பதில் மாத்திரை போதுமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

தாளில் படம் கீறிக் காட்டினார். கணையத்தில் இன்சுலின் செய்யும் கலத்தில் பொட்டாசியம் வெளியேறும் ஒரு வாசல் உண்டு. இரத்தத்தில் சீனி கூடும்போது அது மூட வேண்டும். மூடினால்தான் கல்சியம் உள்ளே வரும் வாசல் திறக்கும். அந்தக் கல்சியம்தான் இன்சுலினை வெளியே தள்ளுகிறது. என் மகளுக்கு முதல் வாசல் மூடுவதில்லை.

"உடம்பில இன்சுலினே இல்லையெண்டுதானே சொன்னாங்க?"

"இருக்கு. வெளிய வர ஏலாமக் கிடக்கு."

பரிசோதனையும் அதையே சொன்னது. அந்த வாசலை மூடுவது அண்ணன் முறையான பக்கத்து வீட்டு நானா வருடக்கணக்காகக் குடிக்கும் அதே பழைய சீனி வருத்த மாத்திரை. வார்ட்டில் வைத்து ஊசியைக் குறைத்தார்கள். இப்போது நாளுக்கு ஒரு ஊசிதான் மிச்சம். அதுவும் நிற்குமா என்று அவர்களுக்கே தெரியாது. முன்பே தொடங்கியிருந்தால் சுலபம் என்றார்கள்.

நீங்கள் திரும்பி வந்ததும் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு, "பிள்ளைக்கு இப்ப சுகம்தானே. பழசைக் கிளறாதீங்க. வீட்ட வாங்க, கதைப்பம்" என்றீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். வியாழக்கிழமை கிளினிக் வாங்குகளில் தாய்மார் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை ஏன் மறைத்தீர்கள்? அங்கே இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆறு மாதம் ஆகுமுன்பே இந்த நோய் வந்தது, எத்தனை பேரின் இரத்தத்தை அனுப்பினீர்கள்?