நைனா என்ற மந்திரம்

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிப்பார் அந்த அம்மா. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டே நகர்வார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.

அந்தக் கரையில் முன்பு ஓர் ஆசிரமம் இருந்தது. அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரச் சீடர்கள் சேர்ந்து ஒரு ராக் இசைத்தட்டு வெளியிட்டார்கள். கேட்டால் உடம்பே மிதக்கும். கடைசிப் பாட்டில் கிட்டார்களுக்கு நடுவே ஒரு பெண்குரல், “நைனா... நைனா...” என்று நீளும். அதை ஏதோ மந்திரம் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். குரல் இந்த அம்மாவுடையது என்று ஊரில் சொன்னார்கள்.

கரையேறியவரிடம் பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன்.

“நான் எங்க பாடனேன்? காத்து மழையில ஏரிக்குப் போன எங்க நைனாவ கூப்டுக்கினு இருந்தேன். அத்த டேப்புல புடிச்சி வச்சிக்கினாங்களா?”

“அப்பா வந்தாராம்மா?”

“வர்ல.”

பாட்டை நிறுத்தப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக் கேட்டார். பாட்டில் அவர் குரல் ஓய்ந்தது.

“தோ, எங்க நைனா பதில் குடுக்குறாரு பாரு” என்றார், சிரித்த முகமாக.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அந்த இடத்தில் எனக்குக் கிட்டார்தான் கேட்கிறது.