ஒரு பக்கம் மட்டும் வயதானவள்

அந்த வருஷம் முழுக்க கிளெனிஸ் வார்டெல்லுக்கு ஒரே ஒரு வளைவு மீதுதான் கோபம். ஓக்லி டிராக்கில், மேட்டிலிருந்து இறங்கியதும் வலது பக்கமாக நீளத் திரும்பும் வளைவு அது. ஒரு காலத்தில் அதன் ஓரத்தில் தகரக் கழிப்பறை ஒன்று நின்றதால் கிளப்பில் எல்லோருக்கும் அது கக்கூஸ் வளைவு. தகரம் புயலில் பறந்து ரொம்ப நாளாகிறது, பேர் மட்டும் பறக்கவில்லை. அங்கே வந்தால் அவளுடைய சின்னச் சிவப்புக் காருக்குக் காது செவிடாகிவிடும். அவள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிப்பாள். முன்சக்கரங்கள் கிறீச்சிட்டுக்கொண்டே நேராகப் புல்லைப் பார்த்துப் போகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நாக்கில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டி, கார் மனமிரங்கித் திரும்புவதற்குள் நேரம் கைநழுவிப் போயிருக்கும். கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுகிற பந்தயத்தில் அப்புறம் என்ன மிச்சம்?

இத்தனைக்கும் இடப்பக்கத் திருப்பங்களில் அதே கார் நினைத்த மாத்திரத்தில் திரும்பும். அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

கிளெனிசுக்கு ஐம்பத்தெட்டு வயது. வாரத்தில் ஐந்து நாள் பண்ணை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறாள். பந்தயத்துக்கு முதலில் வந்தது ரெக்ஸின் மனைவியாக, ரொட்டிக்கு வெண்ணெய் தடவ. ஒருநாள் ரெக்ஸுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று இவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மாலையில் பலகையில் நேரத்தை எழுதியபோது, ரெக்ஸ் அதுவரை ஓட்டிய எல்லா நேரத்தையும் விட அவளுடையது குறைவாக இருந்தது. இன்னொருவனாக இருந்தால் காரை விற்றிருப்பான். ரெக்ஸ் சிரித்துவிட்டு, அன்று முதல் சீட்டை அவளுக்குக் கொடுத்து ஸ்பேனரைத் தான் எடுத்துக்கொண்டான். அவள் ஓட்டுவாள், அவன் காரைச் செட் பண்ணுவான். அவன் வேலையில் அவளோ அவள் வேலையில் அவனோ தலையிட்டதில்லை. அந்த ஒப்பந்தம்தான் கடைசியில் அவள் கழுத்தைப் பிடித்தது.

கார் ரோட்டைப் பிடித்திருப்பது நான்கு உள்ளங்கை அகலத்தில்தான். ஒவ்வொரு டயருக்கும் ஓர் உள்ளங்கை. அந்த நான்கும் பாரத்தை ஒழுங்காகப் பங்கு போட்டால்தான் திருப்பத்தில் பிடிப்பு. அதற்காக ரெக்ஸ் ஒவ்வொரு மீட்டுக்கு (கிளப்பில் பந்தய நாளுக்கு அதுதான் பேர்) முன்னாலும் ஷெட்டில் காரை நிறுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசை அடியில் தள்ளுவான். ஓட்டுகிறவளின் எடையும் சேர வேண்டுமே, அதற்கு கிளெனிஸைக் கூப்பிடுவதில்லை. அவளிடம் எடை கேட்கிற தைரியம் அவனுக்கு இருந்ததில்லை. கோழித்தீவன மூட்டை மூன்றைத் தூக்கி சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டுவிடுவான். பிறகு தராசைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தாங்கும் வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் ஏற்றி இறக்கி, நம்பர்கள் அவன் விரும்புகிறபடி உட்காரும்வரை எழுந்திருக்க மாட்டான்.

அந்த ஷெட்டின் சிமென்ட் தளம் அவனே போட்டது. தம்பி பேட்ரிக் மட்டக்குழாயின் ஒரு முனையைப் பிடிக்க, இவன் மறுமுனையைப் பிடித்துக் கோடு போட்டான். தம்பி இப்போது இல்லை. அதனாலோ என்னவோ, அந்தத் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் ரெக்ஸ் முகம் மாறிவிடும்.

முதல் மீட் முடிந்ததும் கிளெனிஸ் சொன்னாள். "ரெக்ஸ், வலப்பக்கம் திருப்பினா முன்னாடி தள்ளுது."

"நீ சீக்கிரமே திருப்புற."

இரண்டாவது மீட்டில் தாமதமாகத் திருப்பிப் பார்த்தாள். அதே கதை. "இப்போ பிரேக்க லேட்டா விடுற," என்றான். மூன்றாவதில் பிரேக்கைச் சீக்கிரம் விட்டாள். அவன் டயரில் காற்றைக் குறைத்தான், கூட்டினான், புது டயர் மாட்டினான், காரைத் திரும்பவும் தராசில் ஏற்றினான். தராசில் எல்லாம் தங்கம்போல நின்றது. "நம்பர பாரு. இதுல என்ன குத்தம்?" என்றான். நம்பரில் குற்றம் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஓட்டுகிறவள்தான். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் சொன்னார்கள், அதுவும் தேன் தடவி. கேண்டீனில் சாசேஜ் வறுக்கும் வெர்னா ஒருநாள் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"கிளென், எதுக்கு இந்த வயசுல உடம்ப வருத்திக்கிற? எங்ககூட வந்து நில்லேன். நிழலா இருக்கு, பேச ஆள் இருக்கு."

"என் வயசுக்கு என்ன?"

"தப்பா எடுத்துக்காத. கண்ணு, கை எல்லாம் முன்ன மாதிரி இருக்குமா? எனக்கே ஊசி கோக்க முடியல."

"வெர்னா, இடப்பக்கத் திருப்பத்துல என் நேரம் போன வருஷத்த விட நல்லா இருக்கு. வலப்பக்கத்துலதான் போச்சு. வயசானா ஒரு பக்கம் மட்டுமா ஆகும்?"

வெர்னா தட்டில் சாசேஜை வைத்து நீட்டினாள். அதன்மேல் பரிதாபமும் கரண்டி கரண்டியாக இருந்தது. கிளெனிஸ் சாசேஜைப் பாதி தின்று மீதியை நாய்க்குப் போட்டாள்.

நான்காவது மீட்டிலும் அதே புல், அதே கிறீச். வீட்டுக்குத் திரும்பும்போது ரெக்ஸ் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கடைசி மீட்டுக்கு ப்ரோடி பேரையும் எழுதிட்டேன். ஒரே கார்ல ரெண்டு பேர் ஓட்டலாம்னு கிளப் விதியே இருக்கு."

ப்ரோடி அவனுடைய அக்கா மகன். நல்ல பையன்தான், இருபத்தாறு வயசு, கண்ணும் கையும் முன்ன மாதிரியேதான் இருந்தன.

"எதுக்கு?"

"யாருக்கு நேரம் கம்மியோ அவங்களுக்கு அடுத்த வருஷம் சீட். இதுல கோபப்பட என்ன இருக்கு? நியாயம்தானே?"

நியாயம். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அழுகை வருகிறதே என்ற ஆத்திரம் அதிகமாக வந்தது. மூட்டை ஒன்றை எடுத்து ஜன்னல் வழியே எறிய வேண்டும்போல இருந்தது. கையில் மூட்டை இல்லை.

கடைசி மீட்டுக்கு முந்தின வியாழக்கிழமை, ரெக்ஸ் தராசு வேலையெல்லாம் முடித்து, காரை டிரெய்லரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனான். காலியான ஷெட்டில் எண்ணெயும் டிராக்கின் செம்மண்ணும் திட்டுத்திட்டாகக் கிடந்தன. சும்மா இருந்தால் கோபம் ஏறுகிறது என்று கிளெனிஸ் ஹோஸ் பைப்பை இழுத்து வந்து தளத்தைக் கழுவினாள். முன்பு எத்தனையோ தடவை கழுவிய தளம், இந்த வருஷம் இதுதான் முதல் தடவை. தண்ணீர் எப்போதும் மெல்லப் பரவி நிற்கும், இவள் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ள வேண்டியிருக்கும். அன்று அது துடைப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. தானாகவே ஒரு மூலைக்கு நடந்தது.

கார் நிற்கும்போது இடது முன்சக்கரம் வருகிற மூலை அது. அவள் குந்தி உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் நகம் மூழ்குகிற அளவுக்கு நின்றது. அந்த மூலைக்கு வெளியேதான் முன்பு மழைநீர்த் தொட்டி இருந்தது. டிரெய்லர் நிறுத்த இடம் வேண்டுமென்று போன வருஷம் ரெக்ஸ் அதை வீட்டுப் பக்கம் மாற்றினான். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தவரை அங்கே கரிசல் மண் ஈரமாக இருந்தது. தொட்டி போனது, மழையும் பொய்த்தது. இப்போது மண் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. ஸ்பேனர் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாத வெடிப்பு. மண் சுருங்கியதும் மேலே இருந்த தளம் இறங்கிவிட்டது.

அவள் சமையலறைக்கு ஓடினாள்.

"ரெக்ஸ், உன் தளம் ஒரு பக்கம் இறங்கிடுச்சு. வந்து பாரு."

"எந்தத் தளம்?"

"எத்தனை தளம் வெச்சிருக்க? ஷெட்டு. இடது முன் மூலை. அங்க நிக்கிற சக்கரத்துல எடை கம்மியா காட்டுது, நீ வளையத்த ஏத்தி ஏத்தி சரி பண்ற. ஆடற மேஜைக்குக் காலுக்கடியில அட்டை மடிச்சு வெப்பியே, அது மாதிரி. அந்த அட்டையோடயே மேஜைய நல்ல தரைக்குக் கொண்டு போனா? அங்க போய் ஆடத்தானே செய்யும்?"

ரெக்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "அந்தத் தளத்த நானும் பேட்ரிக்கும் போட்டோம். ஒரு தலைமுடி வித்தியாசம் கிடையாது."

"அப்ப கிடையாது. இப்ப வந்து பாரேன்."

"சாக்கு தேடாத, கிளென். ஓட்ட முடியலன்னா முடியலன்னு சொல்லு. செத்தவன் வேலைய எதுக்கு இழுக்குற?"

அவள் திரும்பி வந்தபோது வெக்கையில் தண்ணீர் பாதி காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ப்ரோடிதான் முதலில் ஓட்டினான். கக்கூஸ் வளைவில் நேராகப் புல்லுக்குள் போய், முன்பம்பரில் ஒரு கைப்பிடி புல்லோடு திரும்பி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்னான், "மாமா, முன்னாடி தள்ளுது. வலப்பக்கம் மட்டும்."

"அப்படியா?" என்றான் ரெக்ஸ். "இரு, பாக்கறேன்." உடனே மண்டி போட்டு டூல்பாக்ஸைத் திறந்தான்.

கிளெனிஸ் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வருஷமாக அவள் சொன்ன அதே வார்த்தை. இவன் ஒரே ஒரு தடவை சொன்னான், ஸ்பேனர் வெளியே வந்துவிட்டது. தளம் இறங்கியதைவிட, வயசைச் சொன்னதைவிட, அந்த 'அப்படியா' அவளுக்கு அதிகமாக வலித்தது.

"அந்த ஸ்பேனர என்கிட்ட குடு," என்றாள்.

"என்ன பண்ணப் போற?"

"நாலு மீட்டா நான் சொன்னத நாலு நிமிஷம் முன்னாடி இவன் சொன்னான். உனக்கு இவன் சொன்னாத்தான் காதுல விழும்னா, விழட்டும். ஸ்பேனர குடு."

"நம்பரெல்லாம் போயிடும் கிளென்."

"போகட்டும்."

ப்ரோடி தலையைக் குனிந்துகொண்டு, "குடுங்க மாமா," என்றான். ரெக்ஸ் கொடுத்தான். அவள் தரையில் படுத்து, இடது முன் ஸ்பிரிங்கின் வளையத்தை நகம் மூழ்குகிற உயரத்துக்கு இறக்கினாள். எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

மேட்டிலிருந்து இறங்கினாள். தப்பாக இருந்தால் வெர்னாவின் நிழல்தான். வலப்பக்கம் ஒடித்தாள். கார் திரும்பியது. அவ்வளவுதான், எதுவுமே நடக்காததுபோலத் திரும்பியது. நான்கு டயரும் ரோட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் பார்த்த இடத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஹெல்மெட்டுக்குள் அவள் அழுதாள். சந்தோஷம் கொஞ்சம், வீணாய்ப் போன வருஷத்தை நினைத்து மீதி.

பலகையில் அவள் நேரம் இரண்டு வருஷத்தில் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. பிறகு ப்ரோடி அதே காரில் போய், கண் இமைக்கிற நேரம் அவளைவிடக் குறைத்து வந்தான். ரெக்ஸுக்குப் பிடிபடாத சந்தோஷம். சுற்றி நின்றவர்களிடம் சொன்னான், "பாத்தீங்களா, ஒரு வருஷமா கண்டுபிடிக்க முடியாதத பையன் ஒரே ரவுண்டுல கண்டுபிடிச்சுட்டான்."

ப்ரோடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் யாரோ முதுகில் தட்டி பீர் நீட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், டிரெய்லரிலிருந்து காரை இறக்கிய ரெக்ஸ் ஷெட்டுக்குள் நுழைந்தான். கிளெனிஸ் பந்தய உடையைக்கூட மாற்றவில்லை. ஹோஸ் பைப்பை இழுத்து வந்து அவன் காலடியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"என்ன இது? ஷூ நனையுது."

"நனையட்டும். அது எங்க போகுதுன்னு மட்டும் பாரு."

தண்ணீர் அவன் ஷூவைச் சுற்றிக்கொண்டு மூலைக்குப் போனது. போய், நின்றது. ரெக்ஸ் சுவரில் தொங்கிய ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தான். அதை நகர்த்தி வைத்தான், திருப்பி வைத்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான். குமிழி நடுவுக்கு வரவே இல்லை. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

குமிழியைப் பார்த்தபடியே அவன், "தொட்டிய நான்தான் மாத்தினேன்," என்றான்.

"ஆமா."

தகரத் துண்டுகளை வெட்டி அந்த மூலைத் தராசுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தான். காரைத் தராசின் மேல் உருட்டி நிறுத்தினான். பிறகு பழக்கதோஷத்தில் தீவன மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான்.

சீட்டில் கிளெனிஸ் உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டும் போட்டிருந்தாள்.

"ப்ரோடிகிட்ட என்ன சொல்றது?" என்றான் ரெக்ஸ், மூட்டையை இறக்காமலே. "அவனுக்குத்தானே நேரம் கம்மி."

"நான் சரி பண்ணின கார்ல கம்மி. அவனுக்கு ஒரு கார் பாத்து வாங்கிக்கச் சொல்லு. செட் பண்ண நான் வரேன்."

"அப்ப இந்த மூட்டை?"

"கோழிக்குப் போடு."

ரெக்ஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து தராசைப் படித்தான். மூன்று மூட்டைக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. கொக்கி ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, "சொல்லு கிளென், எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டான்.