முனியம்மாள் எதை நினைத்தாள்?

போன ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் சபாபதி எடுத்த போட்டோக்களை ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாட்டிவைத்திருந்தார்கள். எக்ஸிபிஷன். ரிப்பன் வெட்டினார்கள். காபி கொடுத்தார்கள். சிலர் போட்டோக்களையும் பார்த்தார்கள்.

சபாபதி இந்தப் பக்கத்தில் அவ்வப்போது வந்து போகிறவன்தான். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன் — மெட்ராஸில் கம்பெனி உத்தியோகம், லீவு கிடைத்தால் கழுத்தில் கேமரா. என் மனைவியின் தம்பி. ஆகவே அவன் கலையைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம்தான்.

கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிற ஆள் இல்லை அவன். "இருக்கிறதை எடுக்க கேமரா எதுக்கு அத்தான்? கண்ணே போதுமே" என்பான். முதலில் ஒரு காட்சியை மனசில் யோசித்துக்கொள்வான். பிறகு நாடகம் போடுவது மாதிரி ஆளைப் பிடித்து, நிறுத்தி, உடுத்தி, எடுப்பான். ஆளைப் பிடிப்பது மட்டும் என் வேலை.

போன வருஷம் இப்படித்தான், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை, மனைவி கரையில் காத்திருக்கிறாள் — இந்தக் காட்சி வேண்டும் என்று வந்து இறங்கினான். எனக்கு உடனே ஞாபகம் வந்தது தேவிபட்டினத்து சேது. அவரும் அவர் மனைவி முனியம்மாளும் ராமநாதபுரம் சந்தையில் மீன் விற்பவர்கள். எங்கள் வீட்டுக் குழம்பு அவர்கள் தயவு. போய் விஷயத்தைச் சொன்னேன்.

சேது யோசித்தார்.

"நான் கடலுக்குப் போய்த் திரும்பலைங்கிறீகளா?"

"ஆமாம். படத்துக்காக."

"நான் இங்கனதானங்கய்யா இருக்கேன்."

"நீங்க இருக்கிறது போட்டோவில தெரியாது சேது."

அரை மனசாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனால், முனியம்மாள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்து நிற்கிறாள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. சபாபதிக்கு முகம் சுருங்கிவிட்டது. பழைய சேலை, முடிந்தால் கிழிந்தது, கட்டி வரச் சொன்னான்.

"போட்டோவுக்குப் போயி யாராச்சும் கிழிஞ்சதைக் கட்டுவாகளா?" என்று என்னைக் கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

அடுத்த சிக்கல் — வெயில் அவள் முதுகுப் பக்கம், முகம் இருட்டு. சபாபதி சேதுவின் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னான். அதை விரித்துப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும். வெளிச்சம் அதில் பட்டு முகத்தில் விழும். யார் நிற்பது? கடலுக்குப் போய் இன்னும் திரும்பாத சேதுதான்.

முனியம்மாள் எதிரே பார்ப்பாள். காணாமல் போன புருஷன் தண்ணீரில் வேட்டியை விரித்தபடி விறைப்பாக நிற்பார். இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சபாபதி தலையில் கை வைப்பான். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்கு வந்த யாத்ரீகர்கள் கூடி நின்று, என்ன வேண்டுதல் என்று என்னிடம் விசாரித்தார்கள்.

கடைசியில் சபாபதி கெஞ்சுகிற குரலில், "அக்கா, சேது அண்ணனைப் பாக்காதீங்க. கடலைப் பாருங்க. போய்த் திரும்பி வராத எதையாவது நினைச்சுக்குங்க" என்றான்.

அவள் கடலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை… முகமே வேறாகிவிட்டது. சபாபதி கிளிக்கினான்.

"என்ன நெனச்ச?" என்றார் சேது, தண்ணீரிலிருந்து ஏறி வந்து.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் பட்டுச் சேலையை மறுபடி கட்டப் போய்விட்டாள்.

அந்தப் போட்டோதான் போன ஞாயிற்றுக்கிழமை ஹாலின் நடுவில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. தலைப்பு: 'காத்திருப்பு'. சேதுவையும் முனியம்மாளையும் நானே பஸ் ஏற்றி அழைத்து வந்திருந்தேன்.

மதுரையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் படத்தை விளக்கினார். மெலிந்த மனிதர், மெதுவான பேச்சு. "இந்த வலது பக்கத்து வெறுமையைப் பாருங்கள். அங்கே இல்லாத கணவன்தான் இந்தப் படத்தின் கதாநாயகன். கன்னத்தில் விழும் இந்த ஒளி… இது சூரியனிடமிருந்து வரவில்லை. அவன் நினைவிலிருந்து வருகிறது."

சேது என் காதோரம் குனிந்தார். "அது என் வேட்டிங்கய்யா."

நான் இருமிச் சமாளித்தேன்.

கூட்டத்தில் யாரோ முனியம்மாளை அடையாளம் கண்டுவிட்டார்கள். பேராசிரியர் உண்மையான மரியாதையோடு கைகூப்பினார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த நேரத்தில் எதை நினைச்சீங்க?"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சேது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மனைவி தன்னைத்தான் நினைத்தாள் என்று ஒரு வருஷமாகத் தேவிபட்டினத்து டீக்கடையில் சொல்லிவருகிறவர் அவர்.

முனியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "வெள்ளாட்டை நெனச்சேன்" என்றாள். "போன வருசப் பொங்கலுக்கு முந்தி தொலைஞ்சு போச்சு. இன்னும் ஆம்புடலை."

ஹால் முழுக்கச் சிரிப்பு. பேராசிரியர் தாமே சிரித்துவிட்டார். சபாபதி சுவரைப் பார்த்து நின்றான். சேது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவர் ஒரு கோடி, அவள் ஒரு கோடி. நடுவில் நான். டீ வாங்கிக் கொடுத்தேன். சேது தொடவில்லை.

"விடுங்க சேது. விளையாட்டாச் சொல்லியிருக்கும்."

"இல்லங்கய்யா. கல்யாணமான புதுசுல ஒருக்கக் காத்து மாறி எங்க படகு தொண்டிக்கு அங்கிட்டு ஒதுங்கிருச்சு. மறுநா பொழுதுசாயத்தான் கரை வந்தேன். எல்லாரு பொண்டாட்டியும் கரையில நிக்கிறாக. இவளைக் காணோம். வீட்டுக்குப் போனா மீன் கழுவிக்கிட்டு இருக்கா. 'வந்துட்டீகளா'ன்னா. அம்புட்டுத்தான்." டீ ஆறிக்கொண்டிருந்தது. "சரி, அன்னைக்கு நிக்காதவ போட்டோவுலயாச்சும் நமக்காக நின்னாளேன்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன். அதுவும் ஆட்டுக்குத்தானாம்."

பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. எங்களைப் பார்த்து இல்லை. எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்து.

"நிக்கலைன்னு யாரு சொன்னது? மொத நா பூராம் நின்னேன். மறுநா விடிய வெள்ளனப் போயியும் நின்னேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, இப்பிடி நிக்காத தாயி, துக்க வீடு மாதிரி இருக்கு, பாக்கவே நல்லால்லன்னுச்சு. பயந்து போயிட்டேன். நாம நிக்கிறதுனாலதான் வரலையோன்னு வீட்டுக்கு ஓடிவந்து, இருந்த மீனையெல்லாம் திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு இருந்தேன். இவுக வந்தாக. அன்னையிலேருந்து நான் கரையில நிக்கிறதே இல்லை. அந்தத் தம்பி கடலைப் பாருன்னப்ப அந்த ரெண்டு நாளும் கண்ணு முன்னாடி வந்துருச்சு."

சேது அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்ப ஆடுன்னு ஏன் சொன்ன?" என்றார்.

"அம்புட்டு ஆம்பளைக முன்னாடி புருசனை நெனச்சேன்னு சொல்லச் சொல்றீகளா?"

ஆறிப்போன டீயைச் சேது ஒரே மடக்கில் குடித்தார். தேவிபட்டினம் பஸ் வந்ததும் முதலில் ஏறி, துண்டைப் போட்டு ஜன்னலோர சீட்டைப் பிடித்து அவளை உட்கார வைத்தார்.

வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். சபாபதி எல்லாவற்றையும் ஜோடித்தான்: சேலை, வெளிச்சம், வெறிச்சோடிய கடல். அவன் ஜோடிக்காத ஒன்றும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பேராசிரியர் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை — வேட்டி விஷயம்தான் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன்.

அவள் அரிசி புடைத்தபடி கேட்டாள். முறத்தை நிறுத்தவில்லை.

"ஹால்ல சொன்னது நிஜமா இருந்து, பஸ் ஸ்டாண்டில சொன்னது அந்த மனுஷனைச் சமாதானப்படுத்தச் சொன்னதா இருந்தா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் ஒரு படத்தைப் பார்க்கலாமா என்ன? பேராசிரியருக்குக் கூடத் தோன்றவில்லையே…

நேற்று சந்தைக்குப் போனேன். முனியம்மாளிடம் நேராகவே கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவள் மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சேது, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

ஒரு கூறு சங்கரா மீன் வாங்கிக்கொண்டு, எதுவும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.