பொண்ணத் தர்றேன், தண்ணியத் தர மாட்டேன்

திருப்பதியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் ஆறு நாள் சாவி கொடுத்துச் சாவி வாங்குவேன். ஏழாவது நாள் புதன்கிழமை, விடுமுறை. ஓரிடத்தில் தங்கத் தெரியாத என் கால்கள் அன்றைக்குப் பிச்சாட்டூர் பக்கத்து அக்கா ஊரைப் பார்த்துக் கிளம்பிவிடும். புத்தூர் தாண்டியதும் காற்றுக்கு வேறு வாசனை. மாந்தோப்பு, கரும்பு, மறுபடி மாந்தோப்பு, நடுவில் எங்கோ வெல்லம் காயும் புகை. எதிரே ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையின் கம்பெனி பஸ் வரும், உள்ளே ஒரே நிறச் சட்டையில் தூங்கி வழியும் பெண்பிள்ளைகள். அந்த ஜன்னல்களைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு கதை பிறந்தது.

சென்னை வார இதழ் ஒன்றில் அது தொடராக வந்தது. எங்கள் எல்லைக் கிராமத்துப் பெண் ஒருத்தி கம்பெனி பஸ் ஏறிப் போகிறாள். கூட வேலை செய்கிற ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பையனை விரும்புகிறாள். அவள் வீடு ஆந்திரா, அவன் வீடு தமிழ்நாடு, இரண்டு வீடும் சம்மதிக்குமா? அவ்வளவுதான் கதை.

அக்கா ஊரில் எல்லோரும் தமிழில்தான் பேசுவார்கள், தமிழில்தான் திட்டுவார்கள், சாமி வந்தாலும் தமிழில்தான் வரும். எழுத்து மட்டும் தெலுங்கு, பள்ளிக்கூடம் அப்படி. தமிழ் படிக்கத் தெரிந்தவர் அக்கா வீட்டுக்காரர் ஒருவர்தான். சின்ன வயதில் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவர். புதன்கிழமை சாயங்காலம் பால் சென்டரில், பால் ஊற்றிவிட்டு நிற்கும் கூட்டத்துக்கு மாமா என் கதையைச் சத்தமாகப் படிப்பார். கேனைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேட்பார்கள். சென்னையில் யார் படித்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்குக் காற்றோடு போகும் சேதி. இந்தக் கேன்களின் மேல் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போய்விட்டால் நான் எழுதி என்ன?

கதை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது இதழ்க்காரர்கள் என்னிடம் பேட்டி எடுத்தார்கள். ஊரைப் பற்றிக் கேட்டார்கள், நான் ஆற்றைப் பற்றிச் சொன்னேன். பிச்சாட்டூர் டேம் நிரம்பி வழிந்தால்தான் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் என்பது என்ன நியாயம், கோடையிலும் அவர்களுக்கு ஒரு பங்கு விட வேண்டும், அதைச் சொல்கிற கட்சிக்குத்தான் என் ஓட்டு என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. அச்சில் பார்த்தபோதுதான் மாமாவின் வயல் ஞாபகம் வந்தது. மாமாவுடைய அப்பா காலம்வரை அந்தக் குடும்பத்துக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. மாமா காலத்தில் வந்த இரண்டு ஏக்கரும் டேம் கால்வாயை நம்பித்தான் பச்சையாக இருந்தது.

இதழுக்குக் கடிதங்கள் வந்தன. திருவள்ளூர்க்காரர் ஒருவர் என்னைத் தம் அண்ணன் என்றார். இன்னொரு திருவள்ளூர்க்காரர், “உங்களுக்கு இங்கே ஓட்டே இல்லையே, எங்கள் தண்ணீரைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்கிறோம், நீங்கள் அந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணத்தை முடியுங்கள்” என்று எழுதியிருந்தார். ஆனால் பால் சென்டரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த புதன்கிழமை தயங்கித் தயங்கிப் போனேன். மாமா படிக்கத் தொடங்கியிருந்தார். சைக்கிள்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பெண் வீட்டில் சம்பந்தம் பேசும் அத்தியாயம். நான் எழுதியதில் பையனின் அப்பா வெற்றிலையை மடித்தபடி, எங்களுக்கு எதுவும் வேண்டாம், பெண் வந்தால் போதும் என்பார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

“பையனோட நைனா சொல்றாரு, எங்களுக்கு நகை வேணாம், பைக்கு வேணாம். கோடையில உங்க டேம்ல ஷட்டரத் தூக்குங்க, அது போதும்னு சொல்றாரு.”

“அடப்பாவி!” என்றாள் எருமைப்பால் ஊற்றும் அம்மாள்.

“இருங்க. பொண்ணோட நைனா துண்ட உதறிக்கினு எழுந்திரிக்கிறாரு. யோவ், பொண்ணத் தர்றேன், தண்ணியத் தர மாட்டேன்! அப்டீன்றாரு.”

விசில் பறந்தது. யாரோ காலிக் கேனைத் தட்டினார்கள். மாமா அதோடு விடவில்லை. “அப்போ மூலையில குந்திக்கினு வடை துன்னுக்கினு இருந்தான் லாட்ஜில வேல செய்ற ஒருத்தன். குடுத்தா இன்னா கொறஞ்சிபூடும்னு கேட்டான். பொண்ணே வந்து அவன் கையில இருந்த வடையப் புடுங்கிக்கினா.”

என் கதையில் லாட்ஜும் கிடையாது, வடையும் கிடையாது.

“மாமா, அது நான் எழுதினதே இல்ல!” என்று கத்திவிட்டேன்.

கூட்டம் திரும்பியது. மாமா அசையவில்லை. “வா மச்சான். நீ எழுதினத நீயே சொல்லு” என்று போன வார இதழை எடுத்து நீட்டினார். பேட்டிப் பக்கம் மடித்து வைத்திருந்தது. ஒரு வாரமாக அதை அவர் யாருக்கும் படித்துக் காட்டவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பேட்டியைச் சத்தமாகப் படித்தேன்.

“இன்னாடா இது, நம்ம ஊட்டுப் புள்ளையா பேசுது?” என்றாள் எருமைப்பால் அம்மாள். “லாட்ஜில பைப்பத் திருப்பினா தண்ணி வருது, பேச மாட்டியா நீ?”

“மா நீள்ளு மாக்கே” என்று ஒருவர் தெலுங்குக்குத் தாவினார். கோபம் முற்றினால் எங்கள் தண்ணீர் எங்களுக்கே என்பதைத் தெலுங்கில் சொன்னால்தான் இந்தப் பக்கத்தில் எடுபடும்.

“கத எழுதினமா, காப்பியக் குடிச்சமான்னு இருக்கணும்” என்றார் பால் அளப்பவர்.

அப்போது என் அக்கா, கேனைக் கழுவிக்கொண்டே, பால் அளப்பவரைப் பார்த்து, “ஏன், அவன் ஓட்டு, அவன் சொல்றான். உங்க சின்ன மருமக எந்த ஊருக்காரி? கீழ்ப்பக்கந்தானே? அவங்க அம்மா ஊட்ல கோடையில லாரித் தண்ணி வாங்கிக்கினு கெடக்கிறாங்க, போயிப் பாருங்க” என்றாள். மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் திருப்பி இரண்டு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிளந்தது. தமிழில் கேட்டதற்குத் தெலுங்கில் பதில், தெலுங்கில் கேட்டதற்குத் தமிழில் வசவு.

நான் மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன். “பேட்டியப் படிச்சிட்டு, கதைய நிறுத்தியிருக்கலாமே?”

“நிறுத்திட்டா? அந்தப் பொண்ணு இன்னா ஆனான்னு எனக்குத் தெரிய வேணாவா? படிச்சிக் காட்டியிருந்தா உன் கதையே வேணான்னு எழுந்து பூட்டிருப்பாங்க. அதான் உன்ன உட்டுட்டுக் கதைய மட்டும் வச்சிக்கினேன். ஆனா கோவம் வந்துச்சா, அத எங்க வைக்கிறது? அதுக்குள்ளயே வச்சேன்.”

எருமைப்பால் அம்மாள் கையைத் தட்டினாள். “போதும் உங்க பஞ்சாயத்து. தண்ணியப் பத்தி நாளைக்கும் பேசலாம். அத்தியாயத்த முடிங்க.”

எழுதியவனே படிக்கட்டும் என்று யாரோ சொல்ல, கேன்மேல் ஏறி உட்கார்ந்து படித்தேன். என் வாக்கியங்கள் நீளம். காற்புள்ளிக்குக் காற்புள்ளி மூச்சு வாங்கியது. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார்.

“ராஜா, நீ எழுதிக்கினே இரு. படிக்கிறத அவர்கிட்ட உட்ரு” என்றாள் அம்மாள். பிறகு மாமாவைப் பார்த்து, “ஆனா ஒண்ணு. இனிமே உன் சொந்தச் சரக்கு எத ஏத்தினாலும் கையத் தூக்கிக்கினு ஏத்து. எது அவனுது, எது உன்னுதுன்னு எங்களுக்குத் தெரியணும்.”

எனக்கு எதிராகப் பேசியவர்களும் தலையாட்டினார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. மாட்டைப் பார்க்கப் போனவரும் திரும்பி வந்துவிட்டார்.

கடைசி அத்தியாயத்துக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். மாமா என் எழுத்தை எழுத்துக்கு எழுத்து படித்தார். இத்தனை அழகாகவா எழுதியிருக்கிறோம் என்று எனக்கே சந்தேகம் வந்தது. எல்லோர் கண்ணும் அவர் வலது கையில். அது முழங்காலை விட்டு நகரவில்லை. தாலி கட்டியாயிற்று. பெண் கம்பெனி பஸ்ஸில், இந்த முறை எல்லைக்கு அந்தப் பக்கத்து நிறுத்தத்திலிருந்து ஏறிவிட்டாள். என் கடைசி வரி முடிந்தது. இதழை மூடினார்.

கை மேலே போனது.

“ஓ!” என்றது கூட்டம்.

“பொண்ணோட நைனா பஸ்ஸுக்குப் பின்னாடியே வந்து சம்பந்தி காதுல சொல்றாரு. பேரன் பொறக்கட்டும், கோடையில ஒரு நாளு ஷட்டரக் கொஞ்சூண்டு தூக்கலாம்.”

“பேத்தி பொறந்தா?” என்றாள் அக்கா.

“பேத்தி பொறந்தா ரெண்டு நாளு” என்றார் மாமா, கையை இறக்காமலே.

“ரெண்டு நாளா? எவனக் கேட்டுச் சொன்ன?” என்று பால் அளப்பவர் எழுந்தார். சண்டை மறுபடி தொடங்கியது. நானும் ஒரு கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.