அக்காவின் குரலில் பேசிய போன்

கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியின் புகார் அலுவலகத்தில் கொஞ்ச காலம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே போன் எடுத்த கிணத்துக்கடவு அக்கா, மோட்டார் ஓடவில்லை என்று கத்துகிற விவசாயியிடம்கூட முதலில், "சாப்புட்டீங்களா?" என்றுதான் கேட்பார். ஆள் அடங்கிவிடுவார்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தர என்று சொல்லி, அக்காவின் பேச்சை நிறையப் பதிவு செய்தார்கள். பிறகு அதே குரலில் கம்ப்யூட்டரே போன் எடுத்தது. அக்காவை நிறுத்திவிட்டார்கள். டீ குடிக்க ஆளில்லாததால் எனக்கும் வேலை போனது.

தொழிலாளர் அலுவலகத்துக்கு அக்காவுக்குத் துணையாகப் போனேன்.

"வேலை போனதுக்கு எழுதிக் குடுங்க அம்மணி. குரலைத் திருப்பிக் கேக்கறதுக்கு இன்னும் சட்டம் வரலைங்க," என்றார் அதிகாரி.

"வேலை போனாப் போகுதுங்க. எங்கம்மா அந்த நம்பருக்குப் பேசிட்டு, நான் இன்னும் அங்கதான் இருக்கறன்னு ஊரெல்லாம் சொல்லுதுங்க," என்றார் அக்கா.

அதிகாரி தலையாட்டினார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அக்கா அந்த எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் குரலே, "சாப்புட்டீங்களா?" என்றது.

"இது என்ற குரலுங்க, எடுத்துருங்க," என்றார் அக்கா.

"மன்னிச்சுக்குங்க, புரியலைங்க. மறுக்கா சொல்லுங்க."

அக்கா மறுபடியும் சொன்னார். அவர் ஊர் வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.